ஏழு சீட்டுகள்: நிரூபணத்தில் எது முன், எது பின்?

(விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில், தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்க வகுப்பு எடுப்பவர்களும் பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடப்பதில்லை. அதனால் இருவருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வடிவியல் நிரூபணத்தில் எந்த வரி முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும், அதைத் தீர்மானிப்பது யார்?

பிள்ளைகளைக் கேட்டால், 'புத்தகம்' என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 'தேற்றத்தைப் பத்துத் தடவை எழுதிப் பார், அஞ்சு மார்க் கையில நிக்கும்' என்று நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். பத்துத் தடவை எழுதியவன் வரிகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்கிறான், தொலைபேசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதுபோல. நடுவில் ஒரு இலக்கம் மறந்தால் எண் முழுக்கப் போச்சு. நிரூபணமும் அப்படியே போகிறது. மூன்றாம் வரி மறந்த மாணவன் நான்காம் வரியைத் தானே கண்டுபிடிக்க முடியும் என்று நினைப்பதே இல்லை. பேனாவை மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. விடைத்தாள் திருத்தும்போது இரண்டு வகைத் தாள்கள் வருகின்றன. ஒன்றில் வரிகள் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே இருக்கும்; காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது மட்டும் பொருந்தாது. இன்னொன்றில் வரிசை மாறியிருக்கும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் சரியான பிடிமானம் இருக்கும். அவசரத்தில் திருத்தும் கை முதல் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, இரண்டாம் தாளில் சிவப்புக் கோடு இழுத்துவிடும். யோசித்து எழுதிய பிள்ளைக்கு அந்தக் கோடு சொல்லும் செய்தி, 'யோசிக்காதே' என்பதுதான்.

சின்னதிலிருந்து தொடங்குவோம். இரண்டு நேர்க்கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. நான்கு கோணங்கள். சுற்றி வரும் வரிசையில் அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று பெயர் வைக்கிறோம். குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். மூன்று சீட்டுகள் போதும். ஒன்றில் '∠1 + ∠2 = 180°', இன்னொன்றில் '∠2 + ∠3 = 180°', மூன்றாவதில் 'ஆகவே ∠1 = ∠3'. சீட்டுகளைக் குலுக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து, வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று சீட்டுகளை ஆறு விதமாக அடுக்கலாம். அதில் சரியானவை இரண்டு. ஒரு குழு ஒரு விதமாகவும் பக்கத்துக் குழு மற்றொரு விதமாகவும் வைத்திருக்கும். 'எது சார் சரி?' என்று உடனே கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். 'முதல் சீட்டு இல்லாமல் இரண்டாம் சீட்டைச் சொல்ல முடியுமா?' என்று திருப்பிக் கேளுங்கள். முடியும். இரண்டும் நேரிய கோண இணைகள்; ஒன்றுக்கு மற்றொன்று தேவையில்லை. 'மூன்றாவதை முதலில் வைக்க முடியுமா?' முடியாது. அது மற்ற இரண்டின் தோளில் ஏறி நிற்கிறது. இவ்வளவு தெரிந்தால் வரிசை என்பதன் பாதி புரிந்துவிட்டது.

'கண்ணுக்கே தெரியுதே, இதுக்கு எதுக்கு நிரூபணம்?' என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நியாயமான கேள்வி, கிரேக்கர்களுக்கும் இந்த இடைவெளி இருந்தது. குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று முதலில் கண்டவர் தேல்ஸ் என்றும், அதற்கு முறையான நிரூபணம் தந்தவர் யூக்ளிட் என்றும் ப்ரோக்ளஸ் தம் உரையில் எழுதிவைத்திருக்கிறார். தேல்ஸ் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, யூக்ளிட் கி.மு. 300-ஐ ஒட்டியவர். கண்டதற்கும் நிறுவியதற்கும் நடுவே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பாடவேளை எடுத்துக்கொண்டால் நாம் பொறுமை இழக்க வேண்டியதில்லை.

இனி நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்று. இங்கே நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ போய் வருபவர்கள். தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று சொல்லும் ஊர் இது. தீப்பெட்டி எப்படி உருவாகிறது என்று கேட்டால், நாம் சொல்வதைவிட அந்தப் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள். குச்சியைக் கட்டையில் அடுக்க வேண்டும். மெழுகில் தோய்க்க வேண்டும். அதற்குப் பிறகே மருந்தில் முக்க வேண்டும். காய வேண்டும். இன்னொரு பக்கம் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டி, லேபிள் ஒட்டித் தயாராகிக்கொண்டிருக்கும். கடைசியில் குச்சியும் பெட்டியும் ஒன்றுசேரும் இடம், பெட்டி அடைக்கும் இடம்.

இதைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: 'மெழுகை மருந்துக்குப் பிறகு வைக்கலாமா?' கூடாது, தலையில் பற்றிய தீ குச்சிக்கு இறங்கத்தானே மெழுகு. 'பெட்டி ஒட்டுவது குச்சி அடுக்குவதற்கு முன்னாலா, பின்னாலா?' வகுப்பே சிரிக்கும். 'எப்ப வேணா ஒட்டலாம் சார், அடைக்கிறதுக்கு முன்னாடி ஒட்டியிருந்தாப் போதும்.' நிரூபணத்தின் வரிசை பற்றி நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பிள்ளையின் பதிலில் இருக்கிறது. சில வேலைகளுக்கு இடையே முன்பின் கட்டாயம். சிலவற்றுக்கு இடையே எந்தக் கட்டாயமும் இல்லை. தனித்தனியாக வந்த இரண்டு வழிகள் ஓரிடத்தில் சேருகின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இது வாயால் சொல்லவும் பலகையில் எழுதவும் மட்டும். குச்சியையோ மருந்தையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், 'நீ செய்வாயா' என்றும் கேட்காதீர்கள். சிவகாசித் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்ன வட்டாரம் இது. பெரியவர்களின் வேலையைப் பிள்ளைகள் அறிவார்கள் என்பதைப் பெருமையாகக் கேட்கலாம், அவ்வளவே.

சரி, பத்தாம் வகுப்புக்குப் போவோம். கோண இருசமவெட்டித் தேற்றம். படத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். புள்ளிகளுக்கு நான் தமிழெழுத்தே வைக்கிறேன். பி, சி, டி, இ என்றெல்லாம் சொன்னால் கடைசி பெஞ்சுக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். க, ச, ட, த, ப அப்படிக் குழப்பாது. முக்கோணம் கசட. உச்சி க, அடிப்பக்கம் சட. உச்சிக் கோணத்தை இருசமமாக வெட்டும் கோடு அடிப்பக்கத்தை த என்ற புள்ளியில் தொடுகிறது. கச : கட என்ற விகிதமும் சத : தட என்ற விகிதமும் சமம் என்று நிறுவ வேண்டும்.

இதற்கு ஏழு சீட்டுகள் எழுதியிருக்கிறேன். எண் போடவில்லை, எண் போட்டால் வரிசையை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பெயர் வைத்திருக்கிறேன்.

முடிவுச் சீட்டு: கச/கட = சத/தட.
தரவுச் சீட்டு: ∠சகத = ∠தகட.
குத்தெதிர்ச் சீட்டு: ∠சதக = ∠டதப.
சமபக்கச் சீட்டு: முக்கோணம் கடப-வில் கட = டப.
அமைப்புச் சீட்டு: ட வழியே கச-வுக்கு இணையாக ஒரு கோடு வரைக, கத-வை நீட்டினால் அந்தக் கோட்டைச் சந்திக்கும் புள்ளி ப.
வடிவொத்த சீட்டு: முக்கோணங்கள் கசத, படத வடிவொத்தவை; எனவே கச/டப = சத/தட.
ஒன்றுவிட்ட கோணச் சீட்டு: ∠சகத = ∠டபத.

சிவகாசி அச்சகங்களில் வெட்டிக் கழித்த காகிதம் கிலோக் கணக்கில் கிடைக்கும். நல்ல வழவழப்பான தாள். அதில் எழுதி, ஆளுக்கோர் உறையாகக் கொடுங்கள். நான்கு பேர் கொண்ட குழு ஒன்றுக்கு ஓர் உறை என்றாலும் சரி. இருபது நிமிடம் போதும்.

இப்போது ஒவ்வொரு சீட்டையும் எடுத்து ஒரே கேள்வி: 'இதைச் சொல்வதற்கு முன் கையில் என்னென்ன இருந்தாக வேண்டும்?' அமைப்புச் சீட்டுக்கு எதுவும் வேண்டாம். தரவுச் சீட்டுக்கும் வேண்டாம். அது கேள்வியிலேயே கொடுத்தது. ஒன்றுவிட்ட கோணச் சீட்டுக்கு அமைப்பு வேண்டும்; ப என்ற புள்ளியே அங்கேதான் பிறக்கிறது. குத்தெதிர்ச் சீட்டுக்கும் அதே காரணம். சமபக்கச் சீட்டுக்கு ஒன்றுவிட்ட கோணமும் தரவும் சேர்ந்து வேண்டும். ஒரே கோணத்துக்குச் சமமான இரண்டு கோணங்கள் தமக்குள் சமம். அதனால் கடப முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் சமம். அதனால் அவற்றுக்கு எதிர்ப் பக்கங்கள் சமம். வடிவொத்த சீட்டுக்கு ஒன்றுவிட்ட கோணமும் குத்தெதிரும் வேண்டும். முடிவுக்குச் சமபக்கமும் வடிவொத்ததும் வேண்டும்: டப இருந்த இடத்தில் கட-வை வைத்துவிடுகிறோம்.

பாருங்கள், குச்சி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். சமபக்கம் ஒரு வழி, வடிவொத்தது இன்னொரு வழி. முடிவு, பெட்டி அடைக்கும் இடம்.

ஏழு சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1. மொத்தம் 5040. அதில் எத்தனை சரி? பொறுமையாக எண்ணிப் பார்த்தால் 21. எண்ணும் விதத்தைச் சொல்கிறேன், வீட்டில் சரிபாருங்கள். அமைப்பு, ஒன்றுவிட்டது, குத்தெதிர், வடிவொத்தது ஆகிய நான்கை மட்டும் எடுத்தால் சரியான வரிசை இரண்டு. நடுவில் உள்ள இரண்டையும் இடம் மாற்றலாம், அவ்வளவுதான். ஒன்றுவிட்டது முந்தி வரும் வரிசையில் சமபக்கச் சீட்டை அதற்குப் பின்னால் மூன்று இடங்களில் செருகலாம். அந்தந்த இடத்தைப் பொறுத்துத் தரவுச் சீட்டுக்கு 3, 4, 5 என்று இடம் கிடைக்கும். கூட்டினால் 12. குத்தெதிர் முந்தி வரும் வரிசையில் அதேபோல் 4, 5, கூட்டினால் 9. இரண்டும் சேர்ந்து 21. முடிவுச் சீட்டு எப்போதும் கடைசிதான்.

ஆக, 5040-இல் 21 சரி. மற்றவை ஏதோ ஓரிடத்தில் கால் இல்லாமல் நிற்கின்றன. நாம் பலகையில் எழுதுவது அந்த 21-இல் ஒன்று. மற்ற 20-இல் எதை எழுதினாலும் முழு மதிப்பெண் தரத்தான் வேண்டும். 'எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்' என்று நான் சொல்லவில்லை என்பதற்கும் அதே கணக்கே சாட்சி: கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் 240 தடவைக்கு ஒரு தடவைதான் சரியாக வரும்.

இங்கே தமிழ் வாக்கியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை மொழிப்பாட ஆசிரியர்களோடும் பேசிப் பாருங்கள். நிரூபணத்தை நாம் அட்டவணையாக எழுதுகிறோம்: இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். கண் இடமிருந்து வலம் போவதால் பிள்ளை முதலில் படிப்பது முடிவை, பிறகுதான் காரணத்தை. தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. 'மழை பெஞ்சதால வரல' என்போம். காரணம் முன்னால், முடிவு பின்னால். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில். நம் வாக்கியத்தின் எலும்பே நிரூபணத்தின் எலும்பு. அட்டவணை அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறது.

அதனால் அட்டவணையை வாய்விட்டுப் படிக்கும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். '∠சகத = ∠டபத, ஒன்றுவிட்ட கோணங்கள்' என்று படித்தால் அது பெயர்ப்பலகை மாதிரி. 'கச-வும் டப-வும் இணைகோடுகள் என்பதால், அவற்றைக் கப வெட்டுவதால், ∠சகத-வும் ∠டபத-வும் சமம்' என்று படித்தால் அது வாதம். அப்படிப் படிக்கும் பிள்ளை, இணைகோடு வரையாமலே இந்த வரியைச் சொல்லப் பார்த்தால் 'என்பதால்' என்ற சொல்லுக்கு முன்னால் வாய் நின்றுவிடும். வரிசைப் பிழையை நாம் திருத்த வேண்டியதே இல்லை, வாக்கியமே திருத்திவிடுகிறது. எழுதும்போது அட்டவணையாகவே எழுதட்டும். படிப்பது மட்டும் இப்படி.

பிள்ளைகள் கேட்கும் இன்னொரு கேள்வி, 'அந்த இணைகோட்டை வரையணும்னு எப்படி சார் தோணும்?' அமைப்பு முதல் வரியாக இருப்பதால், அது முதலில் தோன்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதும் வரிசை வேறு, தேடும் வரிசை வேறு. தேடும்போது கடைசிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது கச/கட = சத/தட. விகிதம் கிடைக்க வேண்டுமானால் வடிவொத்த முக்கோணங்கள் வேண்டும். கசத ஒன்று இருக்கிறது. அதற்கு ஜோடியாக, தட-வைப் பக்கமாகக் கொண்ட இன்னொன்று வேண்டும். ட-வில் இணைகோடு போட்டால் அது கிடைக்கும். ஆனால் அப்படிக் கிடைத்த விகிதத்தில் கட இருக்க வேண்டிய இடத்தில் டப வந்து உட்காருகிறது. கட-வும் டப-வும் சமமாக இருந்தால் நன்றாக இருக்குமே! அதற்குத்தான் இருசமவெட்டி என்ற தரவு.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தரவு எத்தனை இடத்தில் பயன்பட்டது? ஒரே இடத்தில், சமபக்கச் சீட்டில். வடிவொத்த சீட்டு வரை வருவதற்கு கத இருசமவெட்டியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. க-விலிருந்து அடிப்பக்கத்துக்கு எந்தக் கோடு போட்டாலும் அது உண்மை. தேற்றத்தின் உயிர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் கடைசி வரியைக் காட்டுவார்கள். சீட்டுகளை வைத்து வேலை செய்தவர்கள் சமபக்கச் சீட்டைக் காட்டுவார்கள்.

உறைக்குள் வேண்டாத சீட்டுகளையும் போட்டு வையுங்கள். நான் இரண்டு போடுவேன். ஒன்று 'சத = தட'. கோணத்தை இருசமமாக வெட்டும் கோடு எதிர்ப் பக்கத்தையும் இருசமமாக வெட்டும் என்று பாதி வகுப்பு நம்புகிறது. கச-வும் கட-வும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். நாம் நிறுவும் தேற்றமே அதைச் சொல்கிறது. மற்றொரு சீட்டு '∠கசத = ∠படத'. இது உண்மை, ஒன்றுவிட்ட கோணங்கள்தாம், குறுக்குவெட்டி மட்டும் வேறு. குத்தெதிர்ச் சீட்டுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தி வடிவொத்த சீட்டை அடையலாம். குத்தெதிரோடு இதைச் சேர்த்துக்கொண்டால், அதற்கு ஒன்றுவிட்ட கோணச் சீட்டே வேண்டாம். ஒரு குழு இதைக் கண்டுபிடித்தால், நீங்கள் அன்றைக்கு வேறு பாடம் நடத்த வேண்டாம்; அவர்களையே முன்னால் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

காரணக் கட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். சமபக்கச் சீட்டுக்குக் காரணமாக 'இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிர்க் கோணங்கள் சமம்' என்று எழுதுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, திசைதான் தலைகீழ். நம்மிடம் இருப்பது கோணங்கள் சமம் என்ற செய்தி. வேண்டியது பக்கங்கள் சமம் என்பது. தேவைப்படுவது மறுதலை. யூக்ளிட் தம் முதல் புத்தகத்தில் இரண்டையும் 5-ஆம், 6-ஆம் கூற்றுகளாகத் தனித்தனியே நிறுவியிருக்கிறார். இணைகோடுகளிலும் அப்படியே. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை என்பது 27-ஆம் கூற்று. கோடுகள் இணையானால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது 29. இந்த இரண்டாவதைச் சொல்லத்தான் முதன்முதலாகத் தம் ஐந்தாம் எடுகோளை எடுக்கிறார். அதுவரை அதைத் தொடாமல் 28 கூற்றுகளை நிறுவி முடித்திருக்கிறார். எது இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய மனிதர்!

புத்தகத்தின் வரிசை என்று சொல்லும்போது சுற்றி வரும் வாதத்தைப் பற்றியும் பேச வேண்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180° என்பதைக் கொண்டு, வெளிக்கோணம் இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்று வகுப்பில் நிறுவுகிறோம். நல்லது. யூக்ளிட் 32-ஆம் கூற்றில் எதிர்த்திசையில் போகிறார்: ஒரு பக்கத்தை நீட்டி, இணைகோடு வரைந்து, வெளிக்கோணத்தை முதலில் நிறுவிவிட்டு, அதிலிருந்து 180°-ஐப் பெறுகிறார். அதுவும் நல்லது. ஒரு மாணவி முதல் கேள்வியில் 180°-ஐக் கொண்டு வெளிக்கோணத்தையும், அடுத்த கேள்வியில் வெளிக்கோணத்தைக் கொண்டு 180°-ஐயும் நிறுவினால், தனித்தனியாகப் பார்க்க இரண்டும் சரிபோலத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எதுவுமே நிறுவப்படவில்லை. உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரையும் முறை, பித்தாகரஸ் வழியினருடையது என்று சொல்லப்படுவது, இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கிறது. வகுப்பில் ஒரு முறையாவது அதை வரைந்து காட்டிவிட வேண்டும். மூலைகளைக் கிழித்து ஒட்டிக் காட்டுவதோடு நிறுத்திவிட்டால், பிள்ளைகள் கையில் இருப்பது ஒரு முக்கோணத்தைப் பற்றிய செய்தி மட்டும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் 'எங்களுக்கு இதில் என்ன?' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம்தான் இது தொடங்குகிறது. நிரூபணம் என்ற சொல் வேண்டாம். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் படக்கதை அட்டைகளை வரிசைப்படுத்தச் சொல்கிறோம் அல்லவா? அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள்: 'இந்த இரண்டு அட்டையை இடம் மாற்றினால் கதை கெடுமா?' கெடும் இடமும் உண்டு, கெடாத இடமும் உண்டு. பாட்டி இட்லி சுட்ட கதை என்றால், மாவு அரைக்காமல் இட்லி ஊற்ற முடியாது. சட்னி அரைப்பதை முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் காகிதத்தை மடித்துச் செங்கோணம் எடுக்கும்போது, 'ஏன் இது செங்கோணம்?' என்று கேட்டு, 'என்பதால்' போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். நேராக மடித்த விளிம்பை அதன்மேலேயே பொருந்தும்படி மறுபடி மடித்ததால், நேர்க்கோணம் இரண்டு சம பாகமானதால். அந்த வாக்கியம் வாயில் பழகிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நிரூபணத்தைக் கண்டு மிரளாது.

திருத்துவது பற்றி ஒரு கேள்விச் சீட்டு வந்திருக்கிறது. 'அறுபது தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எது எதைத் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நான் செய்வது இது. முதலில் கடைசி வரியைப் பார்க்கிறேன். அதற்கு மேலே சமபக்கமும் வடிவொத்ததும் எங்காவது இருக்கின்றனவா? இருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் மேலே அதன் கால்கள் இருக்கின்றனவா? ஐந்து பார்வையில் முடிந்துவிடும். வரியின் எண்ணைப் பார்ப்பதில்லை. மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். ப என்ற புள்ளி, அமைப்பு எழுதுவதற்கு முன்பே நிரூபணத்துக்குள் நுழைந்துவிட்டால் அங்கே மதிப்பெண் குறைகிறது. கட = டப என்று காரணமில்லாமல் எழுதியிருந்தால் நிச்சயம் குறைகிறது; படத்தைப் பார்த்து எழுதியதுதான் அது. வேறு அமைப்பே போட்டிருந்தால் பதறிவிடக் கூடாது. யூக்ளிட் இந்தத் தேற்றத்தை ஆறாம் புத்தகத்தின் 3-ஆம் கூற்றாகத் தருகிறார். அவர் இணைகோடு வரைவது பக்கத்துக்கு அல்ல, இருசமவெட்டிக்கு. சக-வை மேலே நீட்டி அந்தக் கோட்டைச் சந்திக்கவிட்டு, அடிப்படை விகிதசமத் தேற்றத்தால் முடித்துவிடுகிறார். நம்மில் மூத்தவர்கள் சிலர் படித்ததும் அதுவாக இருக்கலாம். அப்படி எழுதும் பிள்ளையின் தாளில் நம் ஏழு சீட்டுகளில் சில இருக்கவே இருக்கா. தேடினால் கிடைக்காது, படித்தால் கிடைக்கும்.

பின்வரிசை மேசையில் உறைகள் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒன்பது சீட்டுகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அடுக்கப் போகிறோம். தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். தேற்றம் மனப்பாடமாக இல்லாதவர் கேட்கும் கேள்வி குழுவுக்கு உதவும். அடுக்கி முடித்தவர்கள், இணைகோட்டை ட வழியே வரையாமல் ச வழியே, கட-வுக்கு இணையாக வரைந்து, ஏழு சீட்டுகளையும் புதிதாக எழுதிப் பாருங்கள். அதற்காக வெற்றுச் சீட்டுகளும் அங்கேயே இருக்கின்றன.